ஹால் இல்லாத வீடுகளும் ஹை ஸ்ட்ரீட் நார்த்தும்

பிரிட்டனில் நம் சாப்பாடு எப்படி ஊன்றியது என்பதைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். லிஸ்ஸி காலிங்ஹாம் கறியின் வரலாற்றையே ஒரு புத்தகமாக்கினார். பனிகோஸ் பனாயி 2008-இல் பிரிட்டிஷ் உணவில் குடியேறியவர்களின் பங்கைப் பற்றி எழுதினார். எலிசபெத் பியூட்னர் 'கறி ஹவுஸ்' என்ற நிறுவனத்தை அலசி நீண்ட கட்டுரை ஒன்று எழுதியிருக்கிறார். இவர்கள் எல்லாரும் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒன்றைத்தான்: ஆங்கிலேயர் எப்படி இதைச் சாப்பிடப் பழகினார்கள்? 1926-இல் ரீஜென்ட் தெருவில் வீராசாமி உணவகம் திறந்தது, சில்ஹெட்டிலிருந்து வந்தவர்கள் ஊர் ஊராகக் கடை போட்டது, பப் மூடிய பிறகு கூட்டமாக வந்து விண்டலூ கேட்ட இளைஞர்கள், 2001-இல் அன்றைய வெளியுறவு அமைச்சர் ராபின் குக் சிக்கன் டிக்கா மசாலாவுக்குத் தேசிய உணவுப் பட்டம் சூட்டியது என்று அந்தக் கதை நகரும். அதில் சமைப்பவர் நம்மவர், சாப்பிடுபவர் வெள்ளைக்காரர்.

கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமுக்கு இந்தக் கதை பொருந்தாது. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் மேனர் பார்க் பக்கமாக நடந்தால் தோசைக்கடை, கொத்து ரொட்டிக்கடை, கேரளக் கடை, ஹைதராபாத் பிரியாணிக்கடை என்று வரிசையாக வரும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் அந்தச் சாப்பாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். யாருக்கும் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை. பொங்கல் என்றால் பொங்கல்தான், 'லெண்டில் ரைஸ் போரிட்ஜ்' என்று அதற்கு உரை எழுதுவதில்லை. அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. வீட்டில் சமைக்கத் தெரிந்த, வீட்டுச் சாப்பாட்டைப் பெருமையாக நினைக்கிற ஒரு சமூகம் ஏன் இவ்வளவு வெளியே சாப்பிடுகிறது? அதுவும் விசேஷ நாளில் மட்டுமல்ல, செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டரை மணிக்குக்கூட?

என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஈஸ்ட் ஹாமின் உணவகங்களை வளர்த்தது நாக்கு மட்டுமல்ல, வீட்டு அமைப்பும்தான். இந்த ஊரில் வாடகைக்கு வந்தவர்களுக்குப் பெரும்பாலும் சமையலறை பாதிதான் சொந்தம், ஹால் இல்லவே இல்லை. ஹாலில் நடக்க வேண்டியதெல்லாம் தெருவுக்கு வந்தது.

வீடுகளைப் பார்த்தால் புரியும். 1881-இல் சுமார் 10 ஆயிரம் பேர் இருந்த ஈஸ்ட் ஹாமில் 1901-இல் 96 ஆயிரம் பேர் இருந்தார்கள். தெற்கே ராயல் விக்டோரியா துறைமுகம் 1855-இலும் ராயல் ஆல்பர்ட் 1880-இலும் திறந்தன. பெக்டனில் பெரிய எரிவாயு ஆலை வந்தது. 1858-இலிருந்தே ஈஸ்ட் ஹாமில் ரயில் நின்றது. இருபதே வருடத்தில் வயல்களை அழித்துத் தெருத்தெருவாக ஒட்டு வீடுகளைக் கட்டித் தள்ளினார்கள். கதவைத் திறந்தால் ஒரு குறுகிய நடை, பக்கத்தில் முன்னறை, அடுத்து நடு அறை, கடைசியில் சமையலறை, மாடியில் இரண்டு மூன்று படுக்கையறை. துறைமுகத் தொழிலாளியின் மனைவி அந்த முன்னறையை விருந்தாளிக்கென்று துடைத்து வைத்திருந்தாள். நூறு வருடம் கழித்து அதே அறையில் இரண்டு கட்டில் போட்டு வாடகைக்கு விட்டார்கள். நடு அறையிலும் கட்டில். மாடி அறைகளில் ஆளுக்கொரு பூட்டு. எட்டுப் பேருக்கு ஒரு அடுப்பு, ஃப்ரிட்ஜில் ஆளுக்கு ஒரு தட்டு. தோட்டத்துக் கொட்டகையில்கூட ஆளைக் குடிவைத்தவர்கள் இருந்தார்கள். ஈஸ்ட் ஹாம் அடங்கிய நியூஹாம் நகராட்சி 2013 ஜனவரியில், தன் எல்லைக்குள் தனியார் வாடகைக்கு விடும் எந்த வீட்டுக்கும் உரிமம் வேண்டும் என்று கொண்டுவந்தது. ஒரு பரோ முழுவதற்கும் இப்படிச் சட்டம் போட்டது இங்கிலாந்தில் அதுதான் முதல் முறை.

இப்படிப்பட்ட வீட்டில் சாம்பார் வைப்பது சாதாரண விஷயமில்லை. ஆறு மணிக்கு வேலை முடிந்து வந்தால் அடுப்புக்கு முன்னால் மூன்று பேர் நிற்பார்கள். புளியைக் கரைத்து வைத்துவிட்டுத் திரும்பினால் நம் பாத்திரத்தில் வேறொருவர் நூடுல்ஸ் வேகவைத்துக்கொண்டிருப்பார். கருவாடு பொரித்தால் சண்டை. நாலு நண்பர்களைக் கூப்பிட்டு உட்காரவைக்க இடமே கிடையாது. கட்டிலில்தான் உட்கார வேண்டும்.

இது ஒன்றும் தமிழர் கொண்டுவந்த பழக்கமல்ல. துறைமுகக் காலத்து ஈஸ்ட் எண்டிலும் சாப்பாட்டுக்கடை இதே காரணத்தால்தான் செழித்தது. விடியற்காலை வேலைக்குப் போகிறவனுக்குக் கடையில் தேநீரும் பொரித்த முட்டையும் ரொட்டியும். மதியத்துக்குப் பை அண்ட் மாஷ். இந்தக் கடைசிப் பதார்த்தத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர் பலர் பல வருடம் இங்கே இருந்தும் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. கொத்திய மாட்டிறைச்சி அடைத்த ஒரு சின்ன பை, அதன் பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கைத் தட்டின் ஓரத்தில் கரண்டியால் வழித்துவிடுவார்கள், எல்லாவற்றுக்கும் மேலே 'லிக்கர்' என்கிற பச்சைக் குழம்பு. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதில் சாராயம் இல்லை. பார்ஸ்லி இலை போட்ட மாவுக் குழம்பு. முன்பெல்லாம் விலாங்கு மீனை வேகவைத்த தண்ணீரில்தான் அதைச் செய்தார்கள். தேம்ஸில் விலாங்கு ஏழைக்குக் கிடைத்த மீன். பழக்கப்பட்டவர்கள் பையைக் கவிழ்த்துப் போட்டு, அதன் அடியைக் கிழித்து, மேலே மிளகாய் ஊறிய வினிகரை ஊற்றுவார்கள். மேசைக்கு மேசை அந்த வினிகர் பாட்டில் இருக்கும். காரமே தெரியாத நாடு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிற இந்த நாட்டின் உழைக்கிற மக்கள், நமக்கு வெகு காலம் முன்பே மிளகாயைச் சோற்றுக்குப் பதில் பையின்மேல் ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

பார்க்கிங் சாலையில் நேதன்ஸ் என்ற பைக் கடை இருந்தது. வெஸ்ட் ஹாம் அணி ஆடுகிற சனிக்கிழமைகளில் அதன் வாசலில் வரிசை நிற்கும். போலின் மைதானம் 1904 முதல் 2016 வரை அந்த அணியின் வீடு. அந்த 112 வருடமும் இந்தப் பகுதியின் வெளிச்சாப்பாட்டுக்கு ஒரு நாட்காட்டி இருந்தது என்று சொல்லலாம்: ஊரில் ஆட்டம் உண்டா, இல்லையா. 2016 மே மாதம் மான்செஸ்டர் யுனைடெட்டை 3-2 என்று வென்றதோடு அங்கே ஆட்டம் முடிந்தது. அணி ஸ்ட்ராட்ஃபோர்டு போனது. மைதானத்தை இடித்து 842 வீடுகள் கட்டினார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை முப்பத்தைந்தாயிரம் பேர் பசியோடு வந்துகொண்டிருந்த தெருவில் அந்தப் பசி நின்றுபோனால் கஃபேக்களுக்கு என்ன நடக்கும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கத் தேவையில்லை.

நம்மவர் கதை கேரளத்திலிருந்து தொடங்குகிறது, அதுவும் சிங்கப்பூர் வழியாக. 1968 ஜனவரியில் பிரிட்டன் சூயஸுக்குக் கிழக்கே உள்ள தளங்களைக் காலி செய்யப் போவதாக அறிவித்தது. சிங்கப்பூர்த் தளங்களில் வேலை பார்த்த மலையாளிகளில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்த ஒரு பகுதியினர் இங்கே வந்து ஈஸ்ட் ஹாமைச் சுற்றிக் குடியேறினார்கள். ஸ்ரீ நாராயண குரு மிஷன் பார்க்கிங் சாலையிலும் கேரளா ஹவுஸ் ரோம்ஃபோர்டு சாலையிலும் இருப்பது இந்தப் பழைய தொடர்பின் அடையாளம். கேதரின் சாலை உதயா, ஹை ஸ்ட்ரீட் நார்த் தட்டுகட போன்ற இடங்களில் கப்பையும் மீன்கறியும், பொறோட்டாவும் பீஃப் ஃபிரையும் கிடைப்பது அதன் நீட்சி. 1951-இல் தொடங்கி, பின்னர் ஸ்ட்ராண்டில் இயங்கி, 2023 செப்டம்பரில் மூடப்பட்ட இந்தியா கிளப்பும், 1973-இல் டூட்டிங்கில் தொடங்கிய ஸ்ரீ கிருஷ்ணாவும் தென்னிந்தியச் சாப்பாட்டை லண்டனுக்கு அறிமுகம் செய்தவை என்று எல்லாரும் எழுதுவார்கள். அவை லண்டனுக்கு அறிமுகம் செய்தன. ஈஸ்ட் ஹாம் கடைகள் யாருக்கும் எதையும் அறிமுகம் செய்யவில்லை. மீன்கறி வேண்டியவர்களுக்கு மீன்கறி போட்டன, அவ்வளவுதான்.

அடுத்தது ஈழத்தமிழர். 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களின் எண்ணிக்கை எப்படிக் கூடியது என்றால், 1985-இல் பிரிட்டன் இலங்கையருக்கு விசா கட்டாயம் என்றது. காமன்வெல்த் நாடு ஒன்றுக்கு அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. வந்தவர்களில் பெரும்பாலோர் இளம் ஆண்கள். பெட்ரோல் ஸ்டேஷனில் இரவு வேலை, சூப்பர்மார்க்கெட்டில் கல்லாப்பெட்டி, சாமான் அடுக்குதல். பகலில் தூங்கி ராத்திரி வேலைக்குப் போகிறவனுக்கு எந்த நேரம் காலை, எந்த நேரம் இரவு? அவனுக்குக் கையில் பிடித்துச் சாப்பிடக்கூடியது வேண்டும், எந்த நேரமும் கிடைக்க வேண்டும். மட்டன் ரோல்ஸ் அப்படித்தான் ஈஸ்ட் ஹாமின் தெருச் சாப்பாடானது. மெல்லிய அடையில் கறியும் உருளைக்கிழங்கும் சுருட்டி, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்து, கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருப்பார்கள். பஸ் வருவதற்குள் வாங்கிவிடலாம்.

கொத்து ரொட்டியை மட்டும் சத்தமில்லாமல் செய்ய முடியாது. சூடான தட்டையான கல்லின்மேல் முதலில் வெங்காயமும் லீக்ஸும் பச்சைமிளகாயும், பிறகு முட்டையை உடைத்து ஊற்றி, வீச்சு ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, ஆட்டுக்கறிக் குழம்பை ஒரு அகப்பை விட்டு, கல்லில் நிற்கிறவர் இரண்டு கையிலும் தட்டையான இரும்புத் தகடுகளை எடுத்து அடிக்கத் தொடங்குவார். அந்தத் தாளம் ஆளுக்கு ஆள் மாறும். கடைக்குள் நிற்கிறவர்கள் சத்தத்தை வைத்தே யார் கல்லில் நிற்கிறார் என்று சொல்லிவிடுவதைக் கேட்டிருக்கிறேன். குழம்பு அதிகம் வேண்டுமா, காரம் தூக்கலாகவா என்று கல்லில் நிற்கிறவரே நேராகக் கேட்பார். "அண்ணை, உறைப்பு கூடப் போடுங்கோ" என்றால் போதும். இந்தியக் கடையிலிருந்து ஐம்பது அடி தள்ளி வந்தால் தமிழே மாறிவிடும். அங்கே காப்பி, இங்கே தேத்தண்ணி. அங்கே சாம்பார், இங்கே இடியப்பத்துக்குப் பால்சொதி. ஒரே தெருவில் இந்த இரண்டு தமிழையும் கேட்டுக்கொண்டே நடப்பது சென்னையிலும் கிடைக்காது, யாழ்ப்பாணத்திலும் கிடைக்காது.

மூன்றாவது அலையில்தான் தமிழ்நாட்டு நிறுவனங்கள் வந்தன. 1981-இல் சென்னை கே.கே. நகரில் தொடங்கிய சரவண பவன் 2000-களில் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் கிளை விரித்தது. சென்னை தோசா, அஞ்சப்பர் என்று பெயர்கள் பெருகின. இந்தக் காலத்தில் வந்தவர்கள் இரண்டு வகை. ஒன்று, ஐ.டி. கம்பெனிகள் அனுப்பி வைத்தவர்கள். ஈஸ்ட் ஹாமில் டிஸ்ட்ரிக்ட் லைன் ஏறி, வெஸ்ட் ஹாமில் இறங்கி ஜூபிலி லைன் மாறினால் கேனரி வார்ஃப். வாடகையோ அங்கே கேட்பதில் ஒரு பங்கு. இன்னொன்று, மாணவர்கள். படிப்பு முடித்ததும் வேலை தேடத் தந்த விசாவை 2012 ஏப்ரலில் மூடினார்கள், 2021 ஜூலையில் வேறு பெயரில் திரும்பத் திறந்தார்கள். ஹோம் ஆபீஸ் அந்தக் கதவைத் திறக்கும்போதும் மூடும்போதும் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் இட்லி விற்பனை ஏறி இறங்கும். என் ஊகம்தான், ஆனால் எந்தக் கடைக்காரரைக் கேட்டாலும் மறுக்க மாட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு தோசைக்கடையில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தால் என் வாதம் கண்முன் நடக்கும். ஒரு மேசையில் டாகன்ஹாமிலிருந்து வந்த குடும்பம், பாட்டி உட்பட ஏழு பேர், குழந்தைக்குக் கோன் தோசை. அடுத்த மேசையில் யூனிஃபார்மைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு ஷிஃப்ட் முடிந்து வந்த இரண்டு நர்ஸுகள். மூலையில் நாலு மாணவர்கள், ரெண்டு செட் பரோட்டா, நாலு பேர். பில் வந்ததும் ஃபோனை எடுத்துப் பைசா சுத்தமாகப் பங்கு போடுவார்கள். சுவரோரம் ஒருவர் லேப்டாப்பைத் திறந்து இன்னொருவருக்கு விசா நீட்டிப்புப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறார், நடுவில் டபராவில் காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது. வீடு பார்த்துக் கொடுப்பது, பழைய கார் விலை பேசுவது, ஊரிலிருந்து வருகிறவரிடம் மருந்து கொடுத்தனுப்பச் சொல்வது, பெண் பார்க்கும் முதல் சந்திப்பு எல்லாம் அதே மேசைகளில்தான். கூட்டம் இல்லாத நேரத்தில் ஒரு காப்பிக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் பொதுவாக யாரும் எழுப்புவதில்லை. விலைக்கும் இதுவே காரணம். மத்திய லண்டனில் ஒருவர் தோசை சாப்பிடுகிற காசில் இங்கே இருவர் சாப்பிட்டுக் காப்பியும் குடிக்கலாம். வாரத்துக்கு நாலு முறை வருகிறவனிடம் விருந்து விலை வாங்க முடியாது.

உட்கார இடமில்லாதவர்களுக்கு இந்தத் தெரு வேறு ஒரு ஏற்பாட்டையும் செய்து வைத்திருந்தது. பத்துப் பதினைந்து வருடம் முன்பு நியூஹாமில் 80-க்கும் மேற்பட்ட பந்தயக் கடைகள் இருந்தன; ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் மட்டும் 18. வெளியே மழை, அறையில் ஹீட்டர் போட்டால் வீட்டுக்காரர் திட்டுவார், பந்தயக் கடை சூடாக இருக்கும், ஒரு பவுண்டு போட்டால் நாற்காலி. அங்கிருந்த இயந்திரங்களில் ஒரே சுற்றில் 100 பவுண்டு வரை கட்டலாம் என்றிருந்தது. நியூஹாம் மற்ற நகராட்சிகளைத் திரட்டிப் போராடியது. 2019 ஏப்ரலில் உச்சவரம்பை 2 பவுண்டாகக் குறைத்தார்கள். வாரச் சம்பளத்தை அந்த இயந்திரத்தில் விட்டுவிட்டு எதிரே கடனுக்குக் கொத்து கேட்டவர்களின் கதையையும் சேர்த்தால்தான் இந்த ஊரின் வெளிவாழ்க்கைக் கணக்கு நேராகும். தோசைக்கடையும் பந்தயக்கடையும் ஒரே வெற்றிடத்தை நிரப்பின. ஒன்று வயிற்றைப் பார்த்துக்கொண்டது.

சமையலறைக்குள் வருவோம். சாப்பிடுகிறவரின் கண்ணுக்குத் தெரியாத இரண்டு விஷயங்கள் மெனுவைத் தீர்மானிக்கின்றன: காய் எப்படி வருகிறது, ஆள் எப்படி வருகிறார்.

காய்க்கு ஒரு உதாரணம். 2014 மே 1-இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழ இறக்குமதியைத் தடை செய்தது. பழ ஈ இருந்ததுதான் காரணம். அல்ஃபோன்சா இல்லை என்று பத்திரிகைகள் எல்லாம் எழுதின. அதே தடையில் கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேப்பங்கிழங்கும் இருந்ததை அவ்வளவாக யாரும் எழுதவில்லை. மாம்பழம் இல்லாமல் ஒரு கோடைகாலத்தைக் கழித்துவிடலாம், சாப்பாட்டுக்கடை பொரியலுக்கு என்ன செய்யும்? மாம்பழத் தடையை 2015 ஜனவரியில் நீக்கினார்கள். காய்களுக்கு இன்னும் நாள் பிடித்தது.

ஊரின் காய்க்கூடை என்று சொல்லத்தக்கது கிரீன் ஸ்ட்ரீட்டில் உள்ள குவீன்ஸ் மார்க்கெட். 2006-இல் நியூ எகனாமிக்ஸ் ஃபவுண்டேஷன் அங்கே விலை எடுத்துப் பார்த்தபோது, பக்கத்து சூப்பர்மார்க்கெட்டில் ஆகும் செலவில் ஏறக்குறைய பாதியில் அதே சாமான் கிடைத்தது. அந்தச் சந்தையை இடித்துக் கோபுரமும் கடைவளாகமும் கட்ட ஒரு திட்டம் வந்தது. ஊர்க்காரர்கள் வருடக்கணக்கில் எதிர்த்தார்கள். 2009-இல் அப்போதைய லண்டன் மேயர் போரிஸ் ஜான்சன் அதை நிராகரிக்கச் சொன்னார். அவரைப் பாராட்ட எனக்குக் கிடைத்த மிகச் சில காரணங்களில் இது ஒன்று. வாழைப்பூ, முருங்கைக்காய், நெத்திலி, ஆட்டுக்கால் என்று கூடை நிரம்பும். பேரம் பேசலாம். ஆப்பிரிக்கப் பெண்மணியும் வங்காளி மாமாவும் யாழ்ப்பாணத்து அன்ரியும் ஒரே வெண்டைக்காய்க் குவியலில் கைவிட்டு ஒடித்துப் பார்ப்பதை அங்கே பார்க்கலாம். ஈஸ்ட் ஹாம் பக்கத்து மக்கள் உண்மையிலேயே கலக்கிற இடம் உணவகம் அல்ல, இந்தச் சந்தைதான்.

ஆள் விஷயம் இன்னும் சிக்கல். வெளிநாட்டிலிருந்து சமையல்காரரைக் கூட்டிவர ஒரு காலத்தில் ஒரு விசித்திரமான நிபந்தனை இருந்தது. கடையில் பார்சல் கொடுத்தால், ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்கள் என்று அரசு போட்டிருந்த பட்டியலின்கீழ் ஆள் எடுக்க முடியாது. ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் பார்சல் கட்டாத கடையைக் காட்டுங்கள் பார்ப்போம். 2019-இல் அந்த நிபந்தனையை எடுத்தார்கள். 2024 ஏப்ரலில் திறன் தொழிலாளர் விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு 26,200 பவுண்டிலிருந்து 38,700 பவுண்டுக்குத் தாவியது. 2025 ஜூலையில் 41,700 ஆனது. புதிதாக விண்ணப்பிக்கும் சமையல்காரருக்கு அந்த வழியே அடைபட்டது. இட்லி மாவு அரைத்துப் பொங்கவைக்கிற பக்குவம் பட்டப்படிப்புக்குச் சமமான திறமை அல்ல என்பது அரசின் கணக்கு. குளிர்கால லண்டனில் மாவைப் புளிக்கவைத்துப் பார்த்தவர்கள் வேறு விதமாகச் சொல்வார்கள்.

விளைவு, கல்லில் நிற்பவர் இப்போது பெரும்பாலும் இங்கேயே கிடைத்தவர். மாணவர் என்றால் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அதற்கு மேல் செய்தால் விசா போகும், ஆகவே அதற்கு மேல் செய்கிற வேலைக்குக் கணக்கு இருக்காது, கணக்கில்லாத வேலைக்கு முதலாளி வைத்ததே கூலி. 2025 ஏப்ரலில் 21 வயது நிரம்பியவருக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. அதைக் கொடுக்காத முதலாளிகளின் பெயர்களை அரசு அவ்வப்போது வெளியிடுகிறது. எல்லா வகை உணவகங்களும் அதில் இருக்கும். தம்பி என்று கூப்பிடுவதும் அண்ணா என்று பதில் சொல்வதும் இந்த விஷயத்தில் தொழிலாளிக்கு உதவியதாகத் தெரியவில்லை, பல நேரம் வாயைக் கட்டிப்போடவே பயன்பட்டிருக்கிறது. மலிவான தோசையைப் பாராட்டுகிறபோது இதை விட்டுவிட்டுப் பாராட்ட முடியாது. 2024 அக்டோபரிலிருந்து டிப்ஸ் முழுவதும் தொழிலாளிக்கே சேர வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. நம்மவர் டிப்ஸ் வைக்கிற அழகில் அது பெரிய மாற்றத்தைக் கொண்டுவரும் என்று சொல்வதற்கில்லை.

இன்னொரு சின்னக் குறிப்பு. கடைக்கண்ணாடியில் பச்சையும் கறுப்புமாக 0 முதல் 5 வரை எண் போட்ட சுகாதாரச் சீட்டு ஒட்டியிருக்கும். வேல்ஸிலும் வடஅயர்லாந்திலும் அதை ஒட்டியே ஆக வேண்டும், இங்கிலாந்தில் கட்டாயமில்லை. 5 வாங்கியவர்கள் வாசலிலேயே ஒட்டுவார்கள். ஒட்டாத கடையைப் பற்றி நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

சாப்பாடு கிடைக்கிற இடமெல்லாம் உணவகம் இல்லை. 2022-இல் ஜொனாதன் நன் தொகுத்து வெளியிட்ட 'லண்டன் ஃபீட்ஸ் இட்செல்ஃப்' என்ற நூல் நகரத்தின் சாப்பாட்டைக் கட்டட வகை கட்டட வகையாகப் பார்த்தது. அந்தக் கண்ணோடு பார்த்தால் ஈஸ்ட் ஹாமில் கோயில் பெரிய இடம் பிடிக்கும். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் மகாலட்சுமி கோயில், மேனர் பார்க் சர்ச் சாலையில் லண்டன் ஸ்ரீ முருகன் கோயில். தேர்த்திருவிழா அன்று லண்டன் போலீஸ்காரர் பஸ்ஸை நிறுத்தித் தேருக்கு வழி விடுவார், அந்தத் தெருவில் அன்று பசியோடு யாரும் திரும்பிப் போக முடியாது. அடுத்தது மண்டபங்கள். 1921-இல் கொரனேஷன் சினிமாவாகத் திறந்து, பிறகு பிங்கோ கூடமாகி, இன்று ராயல் ரீஜென்சி என்ற மண்டபமாக இருக்கிற கட்டடம் இந்த ஊரின் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடும். சாமத்திய வீடு, முதல் பிறந்தநாள், கல்யாண வரவேற்பு என்று அங்கே நடப்பதில் ஆடம்பரத்தைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. இருபது வருடம் மற்றவன் ஹாலில் படுத்துத் தூங்கிய ஒருவர், ஐந்நூறு பேரைக் கூப்பிட்டுச் சோறு போட ஆசைப்பட்டால் எனக்கு அதில் குறை சொல்லத் தோன்றவில்லை. பார்க்கிங் சாலையில் 1995 முதல் 2014 வரை இந்திப் படங்களோடு தமிழ்ப் படங்களும் ஓடிய போலின் சினிமாவை இழந்ததுதான் இழப்பு. படம் முடிந்து நேராகத் தோசைக்கடைக்குப் போவது என்ற ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அதோடு போயிற்று.

பாதி வழியில் நம்மவர் நின்றுவிடுகிற இடங்களும் இந்த ஊரில் உண்டு. நியூஹாமில் 2021 கணக்குப்படி சுமார் 3.51 லட்சம் பேர். தங்களை வெள்ளை பிரிட்டிஷர் என்று சொன்னவர்கள் 15 சதவீதத்துக்கும் குறைவு. 'ஆங்கில ஊர்' என்ற சொல்லுக்குள் அடங்குகிற பழைய விஷயங்கள் இங்கே அழியவில்லை, ஓரமாக இருக்கின்றன. ஹை ஸ்ட்ரீட் சவுத்தின் கடைசியில் பன்னிரண்டாம் நூற்றாண்டு மேரி மக்தலீன் தேவாலயம். அதன் இடுகாடு இன்று காடாக வளர்ந்து, பறவைகளுக்கான இடமாகிவிட்டது. 1898-இல் திறந்த சென்ட்ரல் பார்க். 1903-இல் செங்கல்லும் சுடுமண்ணுமாக எழுந்த டவுன் ஹால். பாடகி வேரா லின் பிறந்தது இந்த ஊரில்தான். பூங்காவுக்கு நம்மவர் போவார்கள். டவுன் ஹாலைக் கல்யாணப் பதிவுக்குத் தெரியும். பப்புக்குள் மட்டும் கால் எடுத்து வைப்பதில்லை.

வைத்துப் பார்க்கலாம். கிரீன் ஸ்ட்ரீட்டும் பார்க்கிங் சாலையும் சந்திக்கும் முனையில், 1966 உலகக் கோப்பையைத் தூக்கிப் பிடித்த பாபி மூர் சிலைக்கு எதிரே, 1900 வாக்கில் கட்டிய போலின் டேவர்ன் இருக்கிறது. மைதானம் போன பிறகு தள்ளாடி, 2021-இல் பழைய செதுக்குக் கண்ணாடித் தடுப்புகளை எல்லாம் மீட்டுக் கட்டித் திரும்பத் திறந்தார்கள். பின்னறைக்கு மேலே கண்ணாடிக் கூரை. குடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, எலுமிச்சை சோடாவுக்கும் அதே மரியாதைதான். ஞாயிறு மதியம் ரோஸ்ட் சாப்பிட வருகிற வயதான ஜோடிகளிடம் பேச்சுக் கொடுத்தால், மைதான நாட்களையும் துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பாவையும் பற்றிச் சொல்வார்கள். 1981-இல் துறைமுகம் மூடியதைச் சொல்லும்போது குரல் மாறும். நாம் வந்ததைப் பற்றி எல்லாரும் நல்லபடியாகப் பேசுவார்கள் என்று சொல்ல மாட்டேன். பேசுவார்கள், அது முக்கியம். அவர்களில் எத்தனை பேர் மசால் தோசை சாப்பிட்டிருப்பார்கள் என்று கேட்பதற்கு முன், நம்மில் எத்தனை பேர் அந்தப் பைமேல் மிளகாய் வினிகர் ஊற்றிப் பார்த்தோம் என்று கேட்டுக்கொள்வது நியாயம்.

தனித்தனியாகச் சாப்பிடுவதைக் குற்றம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒருங்கிணைப்பு பற்றி அறிக்கை எழுதுகிறவர்கள், குடியேறியவன் தன் ஆட்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதைப் பிரிவினையின் அறிகுறியாகப் பார்க்கிறார்கள். பகல் முழுக்க ஆங்கிலத்தில், மேலதிகாரிக்கு அடங்கி, வாடிக்கையாளருக்குச் சிரித்து வேலை செய்தவனுக்கு ராத்திரி ஒரு மணி நேரம் தன் மொழியில் சாப்பிடக் கிடைப்பதால்தான் மறுநாள் காலை அந்த வேலைக்குத் திரும்ப முடிகிறது. ஒருங்கிணைப்பின் செலவில் ஒரு பகுதியை ஹை ஸ்ட்ரீட் நார்த் மானியமாகக் கொடுக்கிறது என்றுகூடச் சொல்லலாம். பெண்கள் விஷயத்தில் மட்டும் கணக்கு வேறு. ஆண்களுக்கு ஹாலாக இருந்த கடை, வீட்டிலிருந்த பெண்களுக்கு வெகுகாலம் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே திறந்தது. அவர்களில் பலர் வீட்டிலேயே இடியப்பம் அவித்து நூறு நூறாக ஆர்டர் எடுத்து, அதை வருமானமாக்கினார்கள். அந்த இடியப்பம் எந்தக் கடையின் பெயரிலும் இல்லை. ஊர் அதைத்தான் அதிகம் சாப்பிட்டிருக்கும்.

இப்போது காட்சி மாறிக்கொண்டிருக்கிறது. வசதி வந்த குடும்பங்கள் இல்ஃபோர்டு, பார்க்கிங்சைடு, ரோம்ஃபோர்டு என்று கிழக்கே நகர்ந்து ஹால் உள்ள வீடு வாங்கிவிட்டன. அவர்களைத் தொடர்ந்து கடைகளும் நகர்கின்றன. 2022 மே மாதம் எலிசபெத் லைன் திறந்த பிறகு மேனர் பார்க்கிலிருந்து மத்திய லண்டன் பக்கமாகிவிட்டது, வாடகை அதற்கேற்ப ஏறுகிறது. ஆறு மேசைக்குக் கட்டுகிற வாடகையில் மேசையே இல்லாத சமையலறை ஒன்றை நடத்தி, ஆப் மூலம் அனுப்பிவிடலாம் என்று புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் கணக்குப் போடுகிறார்கள். அவர்களுக்கு அது லாபம். மேசை குறைந்தால் படிவம் நிரப்புகிறவர் எங்கே உட்காருவார் என்பது அவர்கள் கணக்கில் வராது. சாயங்காலம் ஏழு மணிக்குச் சரவண பவன் வாசலில் பை மாட்டிக்கொண்டு நிற்கிற டெலிவரிப் பையன்களில் தமிழ் பேசுகிறவர்கள் உண்டு. மாதக் கடைசியில் அவர்கள் உள்ளே வந்து சாப்பிடுவதில்லை. பக்கத்துக் கடையில் இரண்டு ரோல்ஸ் வாங்கி, அடுத்த ஆர்டர் வரும்வரை சைக்கிள்மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்கிறார்கள்.